பவானேஸ்வரி பார்த்துக் கொடுத்த கிட்டார்

முதல் சோதனை கண்ணை மூடிக்கொண்டுதான். கிட்டாரை மடியில் மல்லாக்கக் கிடத்தி, கிழிந்த நைலான் புடவையிலிருந்து வெட்டிய கைக்குட்டை அளவுத் துணியை அதன் கழுத்தோரத்தில் வைத்து, மேலிருந்து கீழாக மெல்ல இழுக்கிறாள் பவானேஸ்வரி. கழுத்தின் குறுக்கே வரிசையாகப் பதித்திருக்கும் உலோகக் கம்பிகளில் ஒன்றின் முனை மயிரளவு துருத்தியிருந்தாலும் நைலான் அங்கே சிக்கி நின்றுவிடும். நின்றது. கண்ணைத் திறக்காமலே "ஏழாவது" என்கிறாள். எதிரே நிற்கும் வாடிக்கையாளர் குனிந்து எண்ணிப் பார்க்கிறார். ஏழாவதுதான்.

"ஏர்கான் குளிர்லயே கெடந்து மரம் காஞ்சி சுருங்கிப் போச்சு. கம்பி சுருங்குமா? அது வெளிய எட்டிப் பாக்குது. ரெண்டு மணி நேரம் வாசிச்சீங்கன்னா கையக் கோடு கோடா கிழிச்சிரும்லா" என்று சொல்லிவிட்டு, அந்த முனைக்கு நேரே ஒரு துண்டு டேப்பை ஒட்டுகிறாள்.

மலாக்கா டவுனில், இரண்டு பல் மருத்துவமனைகளுக்கு நடுவே இடுங்கிக் கிடக்கும் இசைக்கருவிக் கடை அது. பின்பக்கச் சுவரோரமாக அவளுக்கு ஒரு மேசை, தலைக்கு மேலே இரட்டைக் குழல்விளக்கு, ஒரு சுழலும் நாற்காலி. ஐம்பத்து மூன்று வயது. மெலிந்த உடம்பு, இறுக்கிப் போட்ட கொண்டை, மூக்கு நுனிவரை இறங்கிவிட்ட கண்ணாடி. கிட்டாரில் ஒரு பாட்டு வாசிக்கத் தெரியாது. தெரியவும் வேண்டாம் என்பது அவள் கட்சி. யாராவது இளவட்டம் முன்கூடத்தில் அதிகச் சத்தத்தில் வாசித்துப் பார்த்தால் காதில் பஞ்சை வைத்துக்கொள்வாள். "எனக்குப் பாட்டு தெரியாது தம்பி. பழுது தெரியும்" என்பாள். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை வரும். அவளிடம் இருக்கும் ஒரே பெருமை அதுதான்.

அந்தப் பெருமை பத்து பெரண்டாம் என்கிற ஊரில் கிடைத்தது. விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் இருபத்தேழு வருஷம் நீல அங்கி போட்டுக்கொண்டு நுண்ணோக்கியில் குனிந்திருந்தாள். தொழிற்சாலையை மலாயில் கிலாங் என்றுதான் சொல்வாள், பெயரைச் சொல்ல மாட்டாள். சில்லுகளின் கால்கள் நேராக இருக்கின்றனவா, ஈயம் சரியாகப் பற்றியிருக்கிறதா, எங்கேயாவது விரிசல் ஓடியிருக்கிறதா என்று பார்ப்பது வேலை. ஒரு நாள் அந்தப் பிரிவையே வேறு நாட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். மண்டபத்தில் கூட்டம் கூட்டி, ஆளுக்கொரு மேசைக் கடிகாரம் கொடுத்து அனுப்பினார்கள். கடிகாரத்தின் கண்ணாடி கோணலாகப் பொருந்தியிருக்கிறது என்று மேடையை விட்டு இறங்குவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். அதை யாரிடம் போய்ச் சொல்வது?

குற்றம் பார்க்கில் சுற்றம் இல்லை என்று சும்மாவா சொன்னார்கள். பெம்பானில் இருக்கும் தங்கச்சி ராகினி புடவைக் கடைக்குப் போகும்போது அக்காவுக்குத் தகவலே சொல்வதில்லை. கூட்டிப்போனால் கடைக்காரன் விரிக்கிற ஒவ்வொரு புடவையிலும் இழை விட்டுப்போன இடத்தை விரலால் தொட்டுக் காட்டுவாள். ராகினி வெறுங்கையோடு வீடு திரும்புவாள். கல்யாணப் பந்தியில் இலையின் கிழிசல், மேடை அலங்காரத்தில் தொங்கிப்போன பூச்சரம், அழைப்பிதழில் பெரியப்பா பெயருக்கு விட்டுப்போன ஓர் எழுத்து, எதுவும் தப்பாது. புருஷன் பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் ஜோகூருக்கு வேலைக்கென்று போனவர், அங்கேயே இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டார். அதைப் பற்றி யாராவது வாயைக் கிளறினால் அவளே முந்திக்கொள்வாள். "எல்லாத்தையும் லைட்டு போட்டுப் பாத்தேன். மாப்பிள்ளைய மட்டும் லைட்டு இல்லாம பாத்துட்டேன்." கேட்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரித்து நான் பார்த்ததில்லை.

நைலானுக்கு அடுத்தது கழுத்து. கிட்டாரைத் துப்பாக்கிபோலத் தூக்கி ஒரு கண்ணால் கழுத்தின் நெடுகப் பார்க்கிறாள். முறுக்கு இருந்தால் அங்கேயே தெரிந்துவிடும். பிறகு பழைய கிலாங் அடையாள அட்டையை எடுத்து, அதன் விளிம்பை மூன்று மூன்று கம்பிகளின் மேல் நிறுத்தி ஆட்டிப் பார்க்கிறாள். நடுக்கம்பி உயர்ந்திருந்தால் அட்டை சீசா ஆடும். அப்புறம் பின்மூடியைக் கழற்றி உள்ளே மூக்கை நுழைக்கிறாள். "சாலிடர் பளபளன்னு இருந்தா நல்ல புள்ள. சாம்பல் பூத்திருந்தா ஆறு மாசத்துல கரகரன்னு அழும்." மலிவான கிட்டார் என்றால் கொஞ்சம் தயவு காட்டுவாள். விலை உயர உயரத்தான் அவளுக்குச் சந்தேகம் கூடும். "வெல கூடக் கூட பெயிண்டு தடிப்பா இருக்கும். தடிச்ச பெயிண்டுக்கு அடியிலதான் எல்லாம் ஒளிஞ்சி கெடக்கும்" என்பது அவள் அனுபவம். மனிதர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறாளோ என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

எல்லாம் சரியாக இருந்தால் ஒரு பச்சை அட்டையில் கையெழுத்துப் போட்டுக் கிட்டாரின் தலையில் கட்டிவிடுவாள். ஜாசின் வட்டாரத்தில் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் வாசிக்கிற இசைக்குழுக்காரர்களிடையே அந்த அட்டைக்கு ஒரு மவுசு உண்டு. கடையின் பெயரைக்கூடக் கேட்க மாட்டார்கள். "பவானி அக்கா பாத்ததா?" என்றுதான் கேட்பார்கள்.

அந்த மேசையைப் போட்டுக் கொடுத்தவர் கடை முதலாளி சுதர்ஷன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். தாத்தா ரயில்வே குமாஸ்தா, அப்பா தலைமையாசிரியர், அண்ணன்மார் டாக்டரும் கணக்காய்வாளரும். இவர் ஒருவர்தான் கடை வைத்தார். அதை அவர் வீட்டில் இன்னும் ஒரு வழுக்கி விழுந்த கதையாகவே பேசுகிறார்கள். கூட்டிப் பெருக்கும் வேலை கேட்டு வந்த பவானேஸ்வரியிடம் ஒரு கிட்டாரைக் கொடுத்துத் தூசி தட்டச் சொன்னார். தட்டிவிட்டு, "இது கோணல் பாஸ்" என்றாள் அவள். அளந்து பார்த்தார், கோணல்தான். மறுநாளே மேசை வந்தது. ஐம்பத்தொரு வயதுப் பெண்ணுக்கு வேறு எவன் வேலை கொடுத்திருப்பான்? உப்பிட்டவரை உள்ளளவும் நினைக்கிற வீட்டில் பிறந்தவள் அவள். சுதர்ஷன் அவளை முழுப்பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார், வாங்க போங்க என்றுதான் பேசுவார். ஒரு நாளும் அதட்டியதில்லை. அதட்டுகிற மனிதராக இருந்திருந்தால் எல்லாம் சுலபமாக இருந்திருக்கும்.

முதல் வருஷம் அவள் கழித்ததையெல்லாம் சுதர்ஷன் பேசாமல் சப்ளையருக்குத் திருப்பி அனுப்பினார். இரண்டாம் வருஷம் அவர் வாயில் ஒரு சொல் வந்து உட்கார்ந்தது. காஸ்மெட்டிக். வெறும் மேல்பூச்சுக் குறை, ஓசைக்கும் ஆயுசுக்கும் கேடில்லை என்று அர்த்தம். பல நேரம் அது உண்மையும்கூட. பவானேஸ்வரியும் தலையாட்டினாள். ஒரு கீறலுக்குத் தலையாட்டியவள் ஒரு பெயிண்டு வழிசலுக்கு ஆட்டினாள், வழிசலுக்கு ஆட்டியவள் ஓர் இடைவெளிக்கு ஆட்டினாள். தலை ஒரு முறை ஆடப் பழகிவிட்டால் கழுத்துக்கு வலிக்காது.

போன ஆடி மாதத்துக்குச் சற்று முன்னால் சந்தன வெள்ளை நிறத்தில் ஒரு கிட்டார் வந்தது. அதன் விலைக்கு ஓடுகிற நிலையில் ஒரு பழைய கார் வாங்கலாம். சுவரில் மாட்டிய அன்றிலிருந்து அதைப் பார்க்க ஒருவன் வர ஆரம்பித்தான். நியாலாஸில் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற தங்கராஜு. நாற்பத்தாறு வயது, அகன்ற தோள், சட்டைக் காலரில் எப்போதும் ஒரு செம்பனை முள். இருபது வருஷமாக இசைக்குழுவில் வாசிக்கிறான். ஒரு நாளும் சொந்தக் கிட்டாரில் வாசித்ததில்லை. குழுத் தலைவருடைய கிட்டாரை வாங்கி வாசித்துவிட்டு, முடிந்ததும் வியர்வையைத் துடைத்துத் திருப்பிக் கொடுப்பான். லீவு நாளில் வந்து சுவருக்கு முன்னால் நிற்பான். இறக்கித் தரட்டுமா என்று கேட்டால், "வேணாங்கக்கா. கீழ எறக்கினா மனசு கேக்காது" என்பான்.

அவன் வாங்குவதென்று முடிவு செய்து சொல்லியனுப்பிய நாளில்தான் பவானேஸ்வரி அதை மடியில் கிடத்தினாள். நைலான் எங்கும் சிக்கவில்லை. அட்டை ஆடவில்லை. சாலிடர் பளபளத்தது. கடைசியாகக் கழுத்து உடம்போடு ஒட்டுகிற தோளில், பின்பக்கம், ஒரு கோடு கண்ணில் பட்டது. தலைமயிரைவிட மெல்லிசு. கட்டைவிரல் நகத்தை அதன் மேல் குறுக்கே ஓட்டினாள். நகம் இறங்கியது.

"பாஸ், இந்த ஒட்டுல ஒரு கோடு ஓடுது."

சுதர்ஷன் கைப்பேசி விளக்கைப் பிடித்துப் பார்த்தார். "பெயிண்ட் லைன் பவானேஸ்வரி. காஸ்மெட்டிக்."

"பெயிண்டுன்னா நகம் வழுக்கிட்டுப் போவும் பாஸ். இது எறங்குது. மரத்துக்குள்ள போவுது. தந்தி இழுக்க இழுக்கப் பொளந்துக்கும்."

அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்தார். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆனது. "சப்ளையர் இனிமே ரிட்டர்ன் எடுக்க மாட்டேன்னு சொல்லிட்டான். இதை நான் எங்கே கொண்டுபோய் வைக்கிறது? ரெண்டு பேருக்குச் சம்பளம் கொடுத்து நடத்துற கடையா இதுன்னு வீட்டில வேற தினம் கேள்வி." குரல் உயரவே இல்லை. "நான் உங்களை ஃபோர்ஸ் பண்ணலை. நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

முடிவு அவளுடையதாம். கழுத்தில் கத்தியை வைத்துவிட்டு, வெட்டிக்கொள்வதும் வெட்டிக்கொள்ளாததும் உன் விருப்பம் என்று இவ்வளவு மரியாதையாக யாராலும் சொல்ல முடியாது. பவானேஸ்வரி பச்சை அட்டையை எடுத்தாள். ஒட்டு என்று அச்சிட்ட வரிக்கு நேரே சரி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

மறுநாள் தங்கராஜு குளித்து, நெற்றியில் திருநீறு பூசி, கோயிலுக்கு வருவதுபோல் வந்தான். கிட்டாரைக் கையில் வாங்கியதும் நேராக அவள் மேசைக்கு வந்தான்.

"அக்கா, நீங்க பாத்தீங்கதானே?"

"பாத்தேன்" என்றாள்.

பொய் இல்லை. பார்த்தாள்தான். அந்த ஒரு சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள எவ்வளவு இடம் இருந்தது என்று அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

பத்தாம் நாள் தங்கராஜு திரும்பி வந்தான். பெட்டிக்குள் கிட்டாரைத் துண்டால் சுற்றி, அடிபட்ட பிள்ளையைக் கிடத்தியிருப்பதுபோல் வைத்திருந்தான். அவள் சண்டையை எதிர்பார்த்தாள். காலையிலிருந்து, சொல்லப்போனால் பத்து நாளாகவே, எதிர்பார்த்திருந்தாள். அவன் சண்டை போடவில்லை. அவள் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டான்.

"நான்தாங்கக்கா ரோசாக் பண்ணிட்டேன். நானே கெடுத்துட்டேன்" என்றான்.

நடந்தது இதுதான். கிட்டாரை அவன் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. நியாலாஸில் லோரி நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்து அம்மன் கோயிலுக்கு நேராகக் கொண்டுபோனான். புது லோரி வந்தால் அங்கேதான் முதல் பூசை. புதுக் கிட்டாருக்கு மட்டும் வேறு நியாயமா? பூசாரி அதை அம்மன் காலடியில் வைத்து, சந்தனம் குழைத்து, தலையிலும் வயிற்றிலும் தோளிலும் பொட்டிட்டு, ஈரச் சந்தனத்தின் மேல் குங்குமம் வைத்து, தீர்த்தமும் தெளித்தார். எலுமிச்சம்பழம் நசுக்கத்தான் டயர் இல்லை. அன்றைக்கே தங்கராஜு எல்லாவற்றையும் மெத்தென்ற துணியால் துடைத்துவிட்டான். தலையில் வைத்தது போனது, வயிற்றில் வைத்தது போனது. தோளில் மட்டும் ஒரு சிவப்புக் கோடு போகவில்லை. நாலு நாளில் கோடு நீண்டது. சுருதி நிற்கவில்லை. கழுத்து மெல்லத் தூக்கிக்கொண்டு வந்தது.

"ஈரம் உள்ள எறங்கி மரத்தப் பொளந்துருச்சுக்கா. லோரிக்கும் கிட்டாருக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷனாய்யா நீன்னு வீட்ல ஒரே ஏச்சு. ஏசட்டும். ஏசுனாத்தான் எனக்குக் கொஞ்சம் ஆறுது."

பவானேஸ்வரி துண்டை விலக்கினாள். சந்தன வெள்ளையில் சிவப்பு இழை ஓடியிருந்தது, மை தொட்டு எழுதியதுபோல அத்தனை தெளிவாக. அவளுக்கு இது தெரியாதா? கிலாங்கில் இதையேதான் செய்தார்கள். விரிசல் இருக்கும் என்று சந்தேகப்பட்ட மின்சுற்றுப் பலகையில் சிவப்புச் சாயத்தை ஊற்றி, கழுவி, பிரித்துப் பார்ப்பார்கள். சாயம் எங்கேயும் விரிசலை உண்டாக்காது. ஏற்கனவே இருந்த விரிசலுக்குள் போய் உட்கார்ந்து, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லும். அம்மன் கோயில் பூசாரி ஒரு சிட்டிகைக் குங்குமத்தில் அந்தச் சோதனையைச் செய்து முடித்திருந்தார். அவளுடைய கையெழுத்துக்கு அம்மனே பதில் கையெழுத்துப் போட்ட மாதிரி இருந்தது.

சுதர்ஷன் வந்தார். பார்த்தார். பெருமூச்சு விட்டார். "மிஸ்டர் தங்கராஜு, இது லோரி இல்ல, கிட்டார். தண்ணி, பவுடர் எல்லாம் போட்டா வாரண்டி எப்படிக் கவர் பண்ணும்?" பிறகு, எந்தச் சலனமும் இல்லாமல், அவள் பக்கம் திரும்பினார். "பவானேஸ்வரி செக் பண்ணித்தானே கொடுத்தாங்க. சொல்லுங்க, அப்போ இது இருந்துச்சா?"

இருந்தது என்று சொன்னால் தங்கராஜுக்குப் புதுக் கிட்டார் கிடைக்கும். அவளுக்கு இந்த மேசை போகும். இவ்வளவுதான் கணக்கு, மூன்று பேரில் இரண்டு பேருக்கு அது தெரியும். தெரியாத மூன்றாவது ஆள் கையைக் கட்டிக்கொண்டு, அவள் தனக்காகச் சங்கடப்படுகிறாள் என்று நினைத்து, "விடுங்க பாஸ், அக்காவ ஏன் இழுக்கிறீங்க? அவங்க பாத்துத்தான் குடுத்தாங்க" என்றான்.

அந்த நொடியில் அவளுக்குச் சுதர்ஷனைவிடத் தங்கராஜு மேல்தான் கோபம் வந்தது. ஒரு வார்த்தை கெட்டதாகப் பேசித் தொலைத்தானா? மேசையை ஓங்கி ஓர் அடி அடித்திருந்தால், ஏமாத்துறீங்களா என்று கத்தியிருந்தால், உள்ளதைச் சொல்லியிருப்பாள். சத்தியமாகச் சொல்லியிருப்பாள். இப்படி வந்து தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறவனிடம் உண்மையைச் சொல்வதற்கு அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"இல்ல பாஸ்" என்றாள்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சுதர்ஷன் பெருந்தன்மையானார். "பரவாயில்லை, உங்களுக்காக நாங்க ஃப்ரீயா ஒட்டிக் கொடுக்கிறோம். பழைய சவுண்டு வரும்னு மட்டும் எதிர்பார்க்காதீங்க" என்றார். தங்கராஜு இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். வருகிற சனிக்கிழமை பெம்பானில் கல்யாண நிகழ்ச்சி. அதற்கு மறுபடியும் தலைவருடைய கிட்டாரைக் கேட்டு வாங்கிக்கொள்வதாகச் சொன்னான். முதல் தடவையாகச் சொந்தக் கிட்டாரோடு மேடை ஏறப்போகிறேன் என்று குழுவில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்ததைச் சிரித்துக்கொண்டே சொன்னான்.

பசை பிடிக்க வேண்டுமானால் விரிசலுக்குள் ஒன்றும் இருக்கக் கூடாது. பவானேஸ்வரி தந்திகளைத் தளர்த்தினாள். ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சுக்குச்சியை விரிசலுக்குள் செலுத்தித் துடைத்தாள். சிவந்தது. வேறொன்று எடுத்தாள். அதுவும் சிவந்தது. மேசையில் சிவப்பு நுனிக் குச்சிகள் சேர்ந்தன. தங்கராஜு குனிந்து நின்று பார்த்தான். கொஞ்சம் கொஞ்சமாகக் கோடு மங்கி, பிறகு இல்லாமலே போவதைப் பார்த்து, "கைராசிக்காரவங்கக்கா நீங்க" என்றான். இருபத்தேழு வருஷமாக விரிசலை வெளியே கொண்டுவரச் சாயம் ஊற்றிய பெண், சாயத்தைத் துடைத்து ஒரு விரிசலை உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் எரிந்தது. ஸ்பிரிட் நெடியாக இருக்கும் என்று நினைக்க முயன்றாள்.

பசை வைத்து, இடுக்கி போட்டு இறுக்கியாயிற்று. இரண்டு நாள் கழித்து வரச் சொன்னாள். கிளம்பியவன் ஏதோ நினைவு வந்ததுபோல் நின்று, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னக் காகிதப் பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான்.

"காலையிலதான் போயி அம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வந்தேன். கொஞ்சம் எடுத்துக்கிடுங்கக்கா."

குங்குமம். அவன் நீட்டினான். பவானேஸ்வரியின் கைகள் மேசைக்கு அடியில் இருந்தன. விரல் நுனிகளும் நகக்கண்களும் சிவப்பாக இருந்தன. அவை மேலே வரவில்லை. அவன் இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினான். அவள் அசையவில்லை. அம்மன் குங்குமத்தைத் தமிழ்ப் பெண் ஒருத்தி வாங்காமல் இருக்க ஒரு காரணம்தான் அவனுக்குத் தெரியும். சட்டென்று பொட்டலத்தை மடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "மன்னிச்சுக்குங்கக்கா, தெரியாம நீட்டிட்டேன். வீட்ல ஏதும் துக்கமா?" என்று கேட்டான்.

பவானேஸ்வரி ஆமாம் என்று தலையசைத்தாள்.